சீட்டில் எழுதாத விஷயங்கள்: பெங்களூர் அல்சூரில் 60,000 ரூபாய்க்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

2024 ஜூன் மாதம். மேல்வீட்டு அக்கா ஒரு சாயங்காலம் கையில் மஞ்சள் துண்டுச் சீட்டோடு இறங்கி வந்தார். மகன் பிசிஏ முதல் வருடம் சேர்ந்திருக்கிறான், சீட்டுப் பணம் 60,000 வந்திருக்கிறது, அதற்குள் கம்ப்யூட்டர், மானிட்டர் எல்லாம் முடிய வேண்டும், இவன் போய் ஒரு கடையில் எழுதி வாங்கி வந்திருக்கிறான், நீ கொஞ்சம் பாருப்பா என்றார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஐ7, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஆர்ஜிபி கேபினட், 34,500. கீழே 'கேமிங் பிசி' என்று எழுதி இரண்டு கோடு.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம், பாதிப் பணம் மிச்சம் என்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைக்குப் போன் போட்டு எந்த ஜெனரேஷன் என்று கேட்டேன். "ஐ7தான் சார், டாப் மாடல்" என்றார். மறுபடியும் கேட்டதும் போட்டோ அனுப்பினார். ஐ7 4770 பிராசசர், ஜிடி 730 கார்டு.

ஐ7 4770 வெளிவந்தது 2013-இல். 4 கோர், அதாவது உள்ளே நாலு மூளை, பழைய வகை டிடிஆர்3 ரேம். அந்தக் காலத்தில் ராஜாதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வது இன்டெல் 8-ஆம் ஜெனரேஷனிலிருந்து. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடியும் என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். பையன் நாள் முழுக்க ஆடுவது வேலரன்ட், அது விண்டோஸ் 11-இல் ஓட டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் எழும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டும் கேட்கும். அந்த கார்டு 2014-ஆம் வருடத்துச் சரக்கு. 4 ஜிபி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மெதுவான டிடிஆர்3 நினைவகத்தை எத்தனை ஜிபி வைத்தால் என்ன, ஓட்டை வாளிக்குப் பெரிய கைப்பிடி போட்ட மாதிரி. புது கேம்களுக்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், தருவதை என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. கடைக்காரர் சீட்டில் ஒரு பொய்யும் எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை, எழுதியதெல்லாம் உண்மை, எழுதாமல் விட்டதில்தான் விஷயம் இருந்தது. இதைப் பிறகு நானும் செய்தேன், வருகிறேன் அதற்கு.

முதலில் பையனை உட்காரவைத்து என்ன ஆடுவாய் என்று கேட்டேன். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, அப்புறம் ஜிடிஏ 5. ஆடுவதை ரெக்கார்ட் பண்ணி நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும். 4கே கிகே எதுவும் வேண்டாம், 1080பி போதும். காலேஜ் வேலைக்கு ஜாவா, பைத்தான், அது எதில் வேண்டுமானாலும் ஓடும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் பார்ட்ஸ் பட்டியல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். வேலரன்ட் மாதிரி ஷூட்டர் கேம்கள் குறைந்த செட்டிங்கில் கார்டைவிட பிராசசரைத்தான் அதிகம் பிழியும், கதை கேம்கள் கார்டைப் பிழியும், இவனுக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

அண்ணன், அதாவது பையனுடைய அப்பா, டெய்லர் கடை வைத்திருக்கிறார், எதையும் இரண்டு தவணையில் யோசிக்கிற மனுஷன். "இப்போ கார்டு இல்லாம வாங்கிடலாம், அடுத்த வருஷம் போட்டுக்கலாம், அப்படி ஒரு பிராசசர் இருக்காமே?" என்றார். நியாயமான கேள்வி. ரைசன் 5 5600ஜி-யைச் சொல்கிறார், அதிலேயே வேகா கிராபிக்ஸ் உண்டு, வேலரன்ட் தாராளமாக ஓடும். 5600-க்கும் 5600ஜி-க்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், இரண்டுக்கும் 6 கோர், 12 திரெட். ஆனால் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன வேக நினைவகமான எல்3 கேஷ் ஜி-யில் 16 எம்பி, ஜி இல்லாததில் 32 எம்பி, ஷூட்டர் கேம்களில் இந்தக் கேஷ் நன்றாகவே தெரியும். கூடவே ஜி வகையில் கார்டுக்குப் போகும் பாதை பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-ஓடு நின்றுவிடும், மற்றதில் 4.0 வரை போகும். அதாவது பின்னால் கார்டு போட்டாலும், முன்னால் செய்த சமரசம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த சீட்டு எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். அண்ணன் அக்காவைப் பார்த்தார், அக்கா அடுப்பைப் பார்த்தார். சரி, ஒரே தவணையில் முடிப்போம் என்று முடிவானது.

இன்டெல் பக்கம் ஐ3 12100எஃப்-ஐயும் யோசித்தேன், 4 கோர்தான் என்றாலும் கேமில் நல்ல கை, மதர்போர்டோடு சேர்த்தால் 3,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். பட்ஜெட் 50,000 என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்திருப்பேன். ஆடிக்கொண்டே ரெக்கார்டிங், பின்னால் டிஸ்கார்டு, குரோமில் முப்பது டேப் என்று இவன் வைத்திருப்பான் என்பதால் 6 கோர் பக்கம், அதாவது ஜி இல்லாத 5600 பக்கம் சாய்ந்தேன்.

கார்டில்தான் ரொம்ப நேரம் போனது. பையன் ஒரு பழைய ஆர்எக்ஸ் 580 பார்த்து வைத்திருந்தான், 6,000 ரூபாய், 8 ஜிபி. கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங்கை 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கைவிட்டதும் இந்த மாதிரி கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. ராத்திரி பகல் ஓடிய கார்டு என்பதால் மட்டும் அது செத்துவிடாது, ஃபேனும் தெர்மல் பேஸ்டும் மாற்றினால் பல கார்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. எனக்கு இடித்தது வேறு. இந்தப் பெயரில் இரண்டு கார்டு உண்டு, அசல் 580-இல் 2304 ஸ்ட்ரீம் பிராசசர் (கார்டுக்குள் இருக்கும் குட்டிக் கோர்கள்), '2048எஸ்பி' என்று சின்னதாகப் போட்டதில் 2048, அதாவது 570-க்கு 580 சட்டை மாட்டியது. ஸ்டிக்கரைக் கழற்றிவிட்டால் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். 185 வாட் தின்னும், வாரன்டி கிடையாது. பழையது வாங்குவது தப்பில்லை, ஆனால் கெட்டுப்போனால் இன்னொன்று வாங்கக் கையில் காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும்.

ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே பெயர்க் குழப்பம்தான். 2022-இல் வந்தது 8 ஜிபி, 128 பிட் நினைவகப் பாதை, 2560 கோர். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்தது 6 ஜிபி, 96 பிட், 2304 கோர். கடையில் கேட்டால் இரண்டுமே 'முப்பது ஐம்பது'தான். 6 ஜிபி கார்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, 70 வாட் மட்டும்தான் எடுக்கும், தனி பவர் கனெக்டர் வேண்டாம், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகுவதற்குத் தோது. புதிதாகக் கட்டுகிறவனுக்கு அந்தக் குணத்தால் பிரயோசனம் இல்லை.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை ஆசை காட்டும். 4 ஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ்ஸில் 4 லேன் (வழித்தடம்) மட்டும். 4.0 போர்டில் அது பரவாயில்லை, நாங்கள் பார்த்த பி450 போர்டோ 3.0, வேகம் பாதியாகும், 4 ஜிபி நிரம்பிவிட்டால் கேம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதோடு ரெக்கார்டிங் செய்து கொடுக்கும் வீடியோ என்கோடரையே அதில் எடுத்துவிட்டார்கள், ஆக ரெக்கார்டிங் பாரமும் பிராசசர் தலையில். கடைசியில் எடுத்தது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி, 8 லேன், 132 வாட். 3.0 போர்டில் போட்டாலும் இழப்பு ரொம்பக் கொஞ்சம்தான். அதனால் 4.0 உள்ள பி550 போர்டை விட்டுவிட்டு பி450 எடுத்து, மிச்சமான 2,500 ரூபாயை வேறு இடத்தில் போட்டேன்.

அந்த வேறு இடம் எஸ்எம்பிஎஸ், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் டப்பா. ஒரு சனிக்கிழமை காலை அல்சூரில் பர்ப்பிள் லைன் பிடித்து, மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறி, சிக்பேட்டையில் இறங்கி கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்பி ரோடுக்கு நடந்தோம், நான், அண்ணன், பையன் மூன்று பேர். எஸ்பி ரோடு கடைக்காரர்கள் கன்னடத்தில் கூப்பிட்டு, இந்தியில் விலை சொல்லி, நாம் தமிழ் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேரத்தை முடித்துவைப்பார்கள், அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருவர் கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றார். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. டப்பாவைப் பிரிக்கச் சொல்லி, பக்கவாட்டு லேபிளை அவருக்கே படித்துக் காட்டினேன். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்ப் என்று இருந்தது. பன்னிரண்டு பதினாறு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கார்டும் பிராசசரும் உறிஞ்சுவது இந்த 12 வோல்ட்டில்தான், மீதி வாட்டெல்லாம் 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கூட்டிக் காட்டிய கணக்கு. ஒழுங்கான 450 வாட் யூனிட் கிட்டத்தட்ட முழுசையும் 12 வோல்ட்டிலேயே கொடுக்கும், 36 ஆம்ப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். எங்கள் கணக்கு: கார்டு 132, பிராசசர் அதிகபட்சம் 76, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50, ஆக 260 வாட். இலவச டப்பா இதைத் தாங்காது, தாங்காமல் போகும்போது தான் மட்டும் போகாமல் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

"தையல் மெஷின் மோட்டார்லயும் இதே கதைதான் தம்பி, மேல ஒண்ணு போட்டிருப்பான், உள்ள ஒண்ணு இருக்கும்" என்றார் அண்ணன். அதற்கப்புறம் அவரே ஒவ்வொரு கடையிலும் லேபிளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மின்சாரச் சிக்கனத்துக்கான 80 பிளஸ் வெண்கல (Bronze) முத்திரை, 550 வாட், 5 வருட வாரன்டி, 4,300. 450 வாட்டே போதும்தான், 800 ரூபாய் வித்தியாசத்துக்கு நாளைக்குப் பெரிய கார்டு போட இடம் இருக்கட்டும் என்று எடுத்தோம்.

கேபினட்டில் எனக்கும் பையனுக்கும் சண்டை. அவனுக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும், உள்ளே மூன்று கலர் ஃபேன் சுற்றுவது தெரிய வேண்டும். கண்ணாடிக்குள் ஃபேன் எங்கிருந்து காற்றை இழுக்கும்? இவர்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே, பெங்களூர் குளிர் என்பதெல்லாம் ஏப்ரல் மத்தியானத்தில் அந்த அறைக்குள் வந்து பார்த்தால் தெரியும். முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி, சமாதானம்.

மொத்தக் கணக்கு, ஜிஎஸ்டி சேர்த்து, பில்லோடு: பிராசசர் 11,400, போர்டு 5,700, ரேம் 3,300, கார்டு 20,500, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 3,200, எஸ்எம்பிஎஸ் 4,300, கேபினட் 2,700. 24 இஞ்ச் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாற்றும்) ஐபிஎஸ் மானிட்டர் 7,900, கீபோர்டு மவுஸ் ஜோடி 900. ஆக 59,900. பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்று இரண்டு கடையில் காதோடு சொன்னார்கள். கார்டுக்கே மூன்று வருட வாரன்டி, அந்தத் தாள் இல்லாமல் சர்வீஸ் சென்டர் படி ஏறுவதற்கு நான் தயாரில்லை. விண்டோஸ் லைசென்ஸ் இந்தக் கணக்கில் இல்லை, இந்த விலையில் பட்டியல் போடுகிறவர்கள் பலரும் அதைச் சொல்லாமல் தாண்டிப் போவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். கீ இல்லாமல் நிறுவியதுதான், மூலையில் வாட்டர்மார்க் இருந்தது.

மத்தியானம் எனக்கு ஷிஃப்ட். பட்டியலைக் கடையில் கொடுத்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன், அவர்களே பூட்டிக் கொடுத்தார்கள், சாயங்காலம் அப்பாவும் மகனும் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

அன்று ராத்திரியே வேலரன்ட் திறக்காமல் வேன் 9003 என்று அடம்பிடித்தது, செக்யூர் பூட் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்து, பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்மான எஃப்டிபிஎம்-ஐப் போட்டு, செக்யூர் பூட்டைப் போட்டதும் சரியானது. பத்து நிமிஷ வேலை.

ஒரு வாரம் கழித்து வந்ததுதான் அசல் புகார். "மாமா, சும்மா நடந்தா 200-க்கு மேல போகுது, நாலு பேர் சேர்ந்து சுடும்போது மட்டும் திக்கி திக்கி நிக்குது." 200 என்றது எஃப்பிஎஸ், நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. கார்டு டிரைவரை மாற்றினான், பலனில்லை. சூடு பார்த்தோம், கார்டு 70 டிகிரியைத் தாண்டவில்லை. அவன் நண்பர்கள் கூட்டம் ஏஎம்டி கார்டே அப்படித்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தேன். வேகம் 2666, இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருக்கிறது என்று காட்டியது.

16 ஜிபி ஒரே குச்சி. பில்லைத் தேடி எடுத்தால் அதிலும் ஒழுங்காக ஒன்று என்றே போட்டிருக்கிறார்கள், 3,050 ரூபாய். நான் எழுதிக்கொடுத்த பட்டியலைப் பார்த்தேன்: '16 ஜிபி டிடிஆர்4 3200'. எட்டும் எட்டும் என்று எழுதவில்லை. அந்த ஐ7 சீட்டைப் பார்த்து அத்தனை பேச்சுப் பேசிய ஆள்! ஒரு குச்சி என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவில் ஒரே வழி, இரண்டு குச்சி என்றால் இரு வழி. கொள்ளளவு ஒன்றுதான், போக்குவரத்து பாதி. நிறையப் பேர் ஒரே நேரத்தில் திரையில் வரும்போது பிராசசர் ரேமிடம் ஓடி ஓடிக் கேட்கும், அங்கேதான் திக்கல். அதோடு எக்ஸ்எம்பி போடவில்லை, 3200 என்று விற்கிற ரேம் எல்லாம் தானாக 3200-இல் ஓடிவிடாது, பயாஸில் போய் எக்ஸ்எம்பியை இயக்கும்வரை பல ரேம்கள் அடிப்படை வேகத்திலேயே கிடக்கும்.

கடைக்காரரிடம் போய் நின்றோம். "16ன்னா 16 தானே சார்" என்றார், பிறகு சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்து 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். மேலே கணக்கில் 3,300 என்று போட்டது அதைச் சேர்த்துத்தான். 8+8 போட்டு, எக்ஸ்எம்பி போட்டு, அதே மேப்பில் ஆடிப் பார்த்தால் சராசரி 300 பக்கம் போனது, அதைவிட முக்கியம், சண்டையிலும் 180-க்குக் கீழே இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60-இல் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது, ஒரு வாரமாக யாரும் பார்க்கவில்லை, நான் உள்பட.

அடுத்தது யுபிஎஸ். அக்காவின் மூத்த பெண்ணுக்கு 2020-இல் ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கிய 600 விஏ யுபிஎஸ் இருந்தது, அதனால் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஜூலை மழையில் கரண்ட் போனதும் யுபிஎஸ் ஒரு பீப் அடித்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. பையனுக்கு எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள எஸ்எம்பிஎஸ் சிலது, விலை குறைந்த யுபிஎஸ் கொடுக்கும் படிக்கட்டு மாதிரியான அலையோடு ஒத்துப்போகாது. ஆனால் அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த 100 வாட் குண்டு பல்பை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்தேன். அரை நிமிஷத்தில் பல்பு போய்விட்டது. எஸ்எம்பிஎஸ் நிரபராதி, நாலு வயது லெட் ஆசிட் பேட்டரி கதை முடிந்திருந்தது.

12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, 950 ரூபாய், உள்ளே இரண்டு ஒயர் மாற்றினால் தீர்ந்தது. பன்னிரண்டு ஏழு எண்பத்து நாலு வாட் அவர், 250 வாட்டுக்குக் காகிதத்தில் இருபது நிமிஷம் வர வேண்டும், அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் லெட் ஆசிட் அதில் பாதிகூடத் தராது, எங்களுக்கு ஐந்து நிமிஷம் வந்தது. மேட்சை விட்டு வெளியேறி ஒழுங்காக ஷட்டவுன் பண்ண அது போதும். பட்ஜெட் 850 ரூபாய் தாண்டியது, அதை நானே கொடுத்தேன், பட்டியல் போட்டது நான்தானே.

இப்போது திரும்பிப் பார்த்தால் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சரியான முடிவு. ரேம் தற்செயலாக நல்ல நேரத்தில் வாங்கியது, 2025 கடைசியில் நினைவகக் கம்பெனிகள் ஏஐ சர்வர் பக்கம் திரும்பியதும் ஏறிய விலையில் அந்த 3,300-க்கு இன்று எட்டு எட்டு கிடைக்காது. தப்பு செய்தது எஸ்எஸ்டியில். அன்று இன்னும் 2,000 போட்டிருந்தால் 1 டிபி கிடைத்திருக்கும், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன். போர்டில் அந்த வகை எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான் என்பதை அப்போது யோசிக்கவே இல்லை, எஸ்எஸ்டி விலையும் ரேமோடு சேர்ந்து ஏறிவிட்டது. ஜிடிஏ மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கிறது. ஒரு கேமை அழித்து இன்னொன்றை இறக்கி, மறுபடி அதை அழித்து என்று ஆறு மாதம் ஓட்டினான். போன மாதம் என் பழைய கம்ப்யூட்டரிலிருந்து 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன், ஜிடிஏ இப்போது அதில் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லிவிட்டு, அது மெதுவாக எழுந்து வருவதற்குள் கீழே இறங்கி வந்து எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகிறான்.